கிரிதர் சார் கட்டிய விமானம்

ரேடியோ விமானம் பறக்கவிடும் சங்கத்தார் மூன்று பேர் போன மாதம் செகந்திராபாத் மெட்டுகுடாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்கு நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும் ஆன்ட்டி. அந்தக் காலத்துல ஒவ்வொரு குச்சியா கையால ஒட்டியிருக்கீங்க. என்ன ஒரு பேஷன்!" என்றார் அவர்களில் ஒருவர்.

பேஷனாம். நான் வேலைக்குப் போனேன். மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து விமானம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். காய்ச்சல் வந்தால் லீவு போட்டேன். இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்தால் தெர்மோகோல் மாதிரி ஒரு பொருளில் முழு விமானமே உள்ளே படுத்திருக்கிறது. நாலு திருகாணி போட்டால் பறக்கிறது. இதைச் சொன்னதும் நான் கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் கலங்கவில்லை. நல்ல பொருள், மேலே விழுந்தாலும் யார் மண்டையும் உடையாது. எனக்குக் கசப்பெல்லாம் அதை வாங்கிய மனிதர்கள்மேல்தான். விமானம் கட்டையில் இருந்த நாளிலேயே அவர்கள் தெர்மோகோலாகத்தான் இருந்தார்கள்.

ஆகவே இது இன்ஸ்பைரிங்காக இருக்காது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் எஸ்தர். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் பிறந்து வளர்ந்து கல்யாணமானது எல்லாமே லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றித்தான். மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். தொண்ணூற்றொன்பதில், நாற்பத்து நாலு வயதில், செகந்திராபாத் கடைத்தெருவில் ஒரு மாடிப்படியின் கீழே 'கைவேலை தெரிந்தவர் தேவை' என்று எழுதியிருந்ததைப் பார்த்து மேலே ஏறினேன். பூ செய்வார்கள், பொம்மை செய்வார்கள் என்றுதான் நினைத்தேன். உத்தரத்தில் பத்துப் பன்னிரண்டு விமானங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

கடைக்குச் சொந்தக்காரர் மொய்னுத்தீன் சாப். விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தில் எட்டு வருடம் இருந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். 'ஆமாம்' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் மட்டும் ஹைதராபாத்துக்காரராகி ஹவ், நக்கோ என்று விடுவார். காயில் சுற்றிய என் விரல்களை ஒரு நிமிடம் பார்த்தார். "நாளைக்கு வாங்க எஸ்தர்ம்மா" என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

வேலை கற்றுக்கொண்ட இரண்டு வருடத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். வரைபடத்தைச் சமமான பலகையில் விரிக்க வேண்டும். அதன்மேல் பசை ஒட்டாதபடி பிளாஸ்டிக் தாள். அதன்மேல் பால்சா என்கிற எடையே இல்லாத கட்டையில் வெட்டிய விலா எலும்புகளைக் குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டினால் இறக்கை. பசை காயும்வரை சும்மா இருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்; ஊரில் பாதிப் பேருக்கு அது வராது. பிறகு வண்ணத் தாளை மேலே போட்டுச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அது சூட்டில் சுருங்கி மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும்.

சொல்ல வேண்டியது அட்டையைப் பற்றி. ஒவ்வொரு விமானத்துக்கும் சாப் ஓர் அட்டை வைத்திருந்தார். பதினோரு வரிகள். கீல்கள், கம்பிகள், எஞ்சின் திருகாணிகள், பேட்டரி என்று போகும். ரேடியோவின் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழுகிறதா என்பது எட்டாவது. பதினோராவது, எடைச் சமநிலை. வரைபடத்தில் குறித்த இடத்தில், இறக்கைக்கு அடியில் இந்தப் பக்கம் ஒரு விரல் அந்தப் பக்கம் ஒரு விரல் கொடுத்து முழு விமானத்தையும் தூக்க வேண்டும். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தால் சரி. வால் சாய்ந்தால் அந்த விமானம் பறக்கக் கூடாது. எல்லாம் முடிந்தால் அட்டையின் அடியில் கட்டியவர் கையெழுத்து, அதற்கும் அடியில் சாப் கையெழுத்து. இரண்டும் இல்லாமல் கடையிலிருந்து விமானம் படி இறங்காது.

சாப் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார். நான் "பார்த்தேன் சாப்" என்பேன். "பார்த்தீங்களா, தொட்டீங்களா?" என்று கேட்பார். ஒவ்வொரு வரிக்கும், ஒவ்வொரு விமானத்துக்கும், அதே குரலில், அதே கேள்வி. முதல் ஆறு மாதம் அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

ஏன் கேட்டார் என்பது இரண்டாவது வருடம் தெரிந்தது. ஒரு டாக்டருக்குக் கட்டிய மஞ்சள் விமானம். வால் மடலின் கீல்கள் நான்கும் பசையில் பிடித்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் மூன்றை இழுத்தேன், நாலாவதைப் பார்த்தேன். "தொட்டேன் சாப்" என்று சொன்னேன். போலாரம் பக்கத்து மைதானத்தில் அது மேலே ஏறி இரண்டு சுற்றுச் சுற்றியதும் வால் மடல் பிய்ந்து தனியாகப் பறந்தது. விமானம் தலைகீழாகப் போய் ஒரு வேப்பமரத்தில் செருகிக்கொண்டது.

சாப் என்னைத் திட்டவில்லை. அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். "எந்த வரி?" என்றார்.

"கீல் வரி சாப். நாலாவது கீலை நான் இழுத்துப் பார்க்கல."

"ஹவ்" என்றார். அவ்வளவுதான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "இதுல என் கையெழுத்தும் இருக்கு. தப்பு என்னுது. வேற கட்டித் தரேன்" என்றார். நான் அங்கேயே நின்றேன். என்னைக் கை காட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. அன்று முதல் நான் தொடாமல் எதற்கும் தொட்டேன் என்று சொன்னதில்லை.

அப்புறம் ஐ.டி.க்காரர்கள் வந்தார்கள். கச்சிபௌலிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க முளைக்க, சனிக்கிழமைகளில் எங்கள் மாடிப்படியில் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டைகள் ஆடிக்கொண்டு ஏறி வந்தன. விடுமுறை நாளிலும் அந்த அட்டையைக் கழற்றமாட்டார்கள். கழற்றினால் தாங்கள் யாரென்று மறந்துபோகும் என்ற பயமோ என்னவோ.

அவர்களில் ஒருவர் பெட்டியின்மேல் இருந்த படத்தைக் காட்டி, "வீக்கெண்ட்ல முடிச்சிடலாம்ல?" என்று கேட்டார். ஒருவர் சாப்பாட்டு மேசையில் பலகைகூடப் போடாமல் இறக்கையை ஒட்டி, அப்பளம் போல வளைந்த ஒன்றைக் கொண்டுவந்து, "மெட்டீரியல்ல டிஃபெக்ட்" என்றார். இன்னொருவர் சேலை தேய்க்கும் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்து வண்ணத் தாளைத் தேய்த்திருக்கிறார். தாள் உருகிப் பெட்டியில் ஒட்டி, பெட்டியிலிருந்து மறுநாள் அவர் மனைவியின் சேலையில் ஒட்டியது. சண்டை போட அந்த அம்மா நேராக எங்கள் கடைக்கு வந்தார். இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் இவர்கள். பசை காயும்வரை இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. இடையில் தூக்கிப் பார்ப்பார்கள். கோணினால் நாட்டைக் குறை சொல்வார்கள்.

இவர்களெல்லாம் சில்லறை. கிரிதர் சாரிடம் வருகிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம். கோயம்புத்தூர்க்காரர், ஒரு கம்பெனியில் பெரிய பதவி. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஒரு பெட்டியை டிரைவர் தூக்கிவர, பின்னால் அவர் வந்தார். இறக்கையை விரித்தால் ஆறடி. என்னைவிட உயரம்.

"மூணு மாசத்துல எங்க கம்பெனி ஃபேமிலி டே சார்" என்று சாப்பிடம் சொன்னார். "யு.எஸ்.லேர்ந்து சேர்மன் வர்றார். நானே கட்டின ஃப்ளைட்டுன்னு ஒரு ஸ்டோரி. நீங்க கட்டிக் குடுத்துடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"பறக்க விடத் தெரியுமா?" என்று சாப் கேட்டார்.

"அதுக்கும் நீங்கதான். நான் முன்னாடி ஒரு ரிமோட்டை வெச்சுக்கிட்டு நிப்பேன். நீங்க டென்ட்டுக்குப் பின்னாடி நின்னு ஓட்டிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பேட்டரி இல்லாத ரேடியோவைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக் குச்சியை ஆட்டப்போகிறார் ஒரு பெரிய மனிதர்! சாப் 'நக்கோ' என்பார் என்று காத்திருந்தேன். அவர் "சரி" என்றார். அந்தக் கம்பெனியில் விமான கிளப் ஒன்று தொடங்கப்போவதாகவும், எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் என்றும் கிரிதர் சார் முன்னமே ஃபோனில் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் பெயரை மறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. யார் பெயரில் பறக்கிறோம் என்பது இறக்கைக்குத் தெரியாது. மூன்று மாதம் கட்டினேன். என் கையில் வந்ததிலேயே சிறந்த வேலை அது. இதைச் சொல்லத் தன்னடக்கம் தேவையில்லை. சனிக்கிழமைதோறும் கிரிதர் சார் ஒரு ஃபோட்டோக்காரரோடு வருவார். என் நாற்காலியில் உட்காருவார். என் ஏப்ரனைக் கட்டிக்கொள்வார். பசைப் புட்டியை இறக்கைமேல் சாய்த்துப் பிடித்து நெற்றியைச் சுருக்குவார். புட்டிக்கு மூடி போட்டிருக்கும். ஒருமுறை நான், "மூடியைத் தொறந்துக்கோங்க சார், ஃபோட்டோல தெரியும்" என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி. யார் அவ்வளவு டீப்பா பாக்கப்போறா?" என்றார்.

அந்த மனிதரின் மொத்தக் கல்வியும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அட்டையின் பதினோரு வரியும் தொட்டு முடித்தேன். என் கையெழுத்து, சாப் கையெழுத்து. விமானத்தைக் கிரிதர் சார் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். குடும்பத்தோடு படம் எடுக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சிபௌலியில் அவர்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு நானும் சாப்பும் போனோம். பந்தல், பலூன், பாட்டு. ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அதிலிருந்து முப்பது காலடி எண்ணிக் கயிறு கட்டினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள். பத்து மணிக்கெல்லாம் நிறைந்துவிட்டது. அம்மா அப்பாக்கள், தாத்தா பாட்டிகள், மடியில் குழந்தைகள். முன்வரிசை நடுவில் சோபா போட்டு வெள்ளைக்கார சேர்மன்.

கிரிதர் சாரின் ஆட்கள் இரண்டு பேர் விமானத்தைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். வாலின்மேல் கறுப்பாக ஒரு பெட்டி ஒட்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"கேமரா ஆன்ட்டி. மேலேர்ந்து எல்லாரையும் ஷூட் பண்ணி அப்புறம் ஸ்க்ரீன்ல போடப்போறோம். சேர்மனுக்கு சர்ப்ரைஸ். நேத்து நைட் நானே ஃபிக்ஸ் பண்ணேன்."

மூன்று மாதத்தில் அவர் கையால் செய்த ஒரே வேலை. நான் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன். வால் மடாரென்று கீழே போனது.

"சார், இது பறக்கக் கூடாது. கேமராவைக் கழட்டிடுங்க."

"ஜஸ்ட் டூ ஹண்ட்ரட் கிராம்ஸ் ஆன்ட்டி."

"அவ்ளோ தூரத்துல வால்ல இருநூறு கிராம்னா அதுக்கு மூக்குல அரைக்கிலோ வைக்கணும். என்கிட்ட ஈயம் இல்ல. கழட்டுங்க, ரெண்டு நிமிஷ வேலை."

"கேமராதான் பாயின்ட்டே! அதில்லாம எதுக்கு ஃப்ளை பண்றது?" அவர் குரல் இறங்கியது. "சேர்மன் அரை மணி நேரத்துல கெளம்பிடுவார். சாப், நீங்க சொல்லுங்க இவங்களுக்கு."

நான் சாப்பைப் பார்த்தேன். அவர் நாற்காலிகளைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், கடைசியில் விமானத்தைப் பார்த்தார். இரண்டு விரலைக் கொடுத்து அவரும் ஒருமுறை தூக்கினார். வால் கீழே போனது. மெதுவாக வைத்தார்.

"கொஞ்சம் பின் எடைதான் எஸ்தர்ம்மா" என்றார். "ஓட்டுறது நான். பார்த்துக்குவேன்."

ஏழு வருடம் அந்த மனிதரிடம் வேலை பார்த்தவள் நான். ஒரு கீலுக்காக மரத்தடியில் என்னை நிற்கவைத்தவர். அந்தக் கணம் அவரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"பார்த்தா போதுமா சாப்?" என்றேன்.

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிரிதர் சார் மைக்கை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார். 'என் இரு கைகளால்' என்று அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது காதில் விழுந்தது.

கை தட்டும் சத்தத்தில் நான் திருகாணி திருப்பியை எடுத்தேன். அந்த இறக்கையை உடலோடு பிடித்துவைப்பது இரண்டே நைலான் போல்ட். சரிபார்ப்பதுபோல் இரண்டையும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். மாற்று போல்ட் எங்கள் கருவிப் பெட்டியில் இருக்கும்; அதையும் தூக்கிக்கொண்டேன். எரிபொருள், எஞ்சினை ஓடவிடும் பேட்டரி எல்லாம் அதில்தான். எட்டுக் கிலோ இருக்கும். யாரும் தடுக்கவில்லை. சேலை கட்டிய ஐம்பது வயதுக்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கூட்டிப் பெருக்க வந்தவள் என்றுதான் அங்கே நினைப்பார்கள். அந்த நினைப்பு முதல்முறையாக எனக்கு உதவியது.

வாசலில் செக்யூரிட்டிக்காரர் மட்டும் மறித்தார். "கேட் பாஸ் ஏதம்மா? சாமான் வெளிய போகணும்னா பெரியவங்க சைன் போட்ட பேப்பர் வேணும்" என்று தெலுங்கில் சொன்னார். பின்னால் எந்த நேரத்திலும் யாராவது ஓடிவரலாம். பெட்டிக்குள்ளிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தேன். பதினோராவது வரிக்கு நேரே 'பறக்கத் தகுதியில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். கையெழுத்து இருந்தது. முத்திரை குத்திப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அன்று அந்த வளாகத்தில் காகிதத்தை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

பெட்டியோடு ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, மெஹதிப்பட்டினத்தில் பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேரும்போது கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மகள் அப்போது டிகிரி கடைசி வருடம். வீட்டுக்காரர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். "எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை? விழுந்தா அவங்க தலையெழுத்து" என்றார். அவங்க தலை என்று சொன்னாரே தவிர, அந்த நாற்காலிகளில் எத்தனை தலை இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அங்கே என்ன நடந்தது என்பதை அந்த வாரமே கேள்விப்பட்டேன். பெரிய களேபரம் என்று நினைப்பீர்கள். ஒன்றுமில்லை. போல்ட் இல்லை என்று தெரிந்ததும் கிரிதர் சார் அரை நிமிடம் விழித்தாராம். பிறகு மைக்கைப் பிடித்து, "கடைசி நேரத்தில் ஒரு பாதுகாப்புக் குறையை நானே கண்டுபிடித்தேன். பறக்கவிடமாட்டேன். தலைமை என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்" என்று பத்து நிமிடம் பேசினாராம். சேர்மன் சோபாவிலிருந்து எழுந்து கை தட்டினாராம். கம்பெனிப் பத்திரிகையில் அந்தப் பேச்சு மூடி போட்ட பசைப் புட்டிப் படத்தோடு வந்தது. மூன்று மாதத்தில் பதவி உயர்வு. பறந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. பறக்காத விமானம் அவரை நன்றாகவே தூக்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்த விழாவுக்கு மறுநாள் நடந்ததை.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனேன். சாப் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்த விமானம். வாலில் கேமரா அப்படியே இருந்தது.

"போல்ட் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"வாங்க."

அவருடைய பழைய வேனில் விமானத்தை ஏற்றிக்கொண்டு போலாரம் மைதானத்துக்குப் போனோம். மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் இரண்டு போல்ட்டையும் போட்டேன். எஞ்சின் பிடித்தது. இருபது வருடமாக அந்த ஊரில் சாப்பைவிட நன்றாக விமானம் ஓட்டியவர் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் முந்தின நாள் 'பார்த்துக்குவேன்' என்றது பொய்யா உண்மையா என்று அவருக்கே தெரிய வேண்டியிருந்தது.

தரையை விட்டதும் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குத்தாக ஏறியது. அவர் குச்சியை முன்னால் தள்ளினார். தலை குப்புற இறங்கியது. இழுத்தார். மறுபடி நெட்டுக்குத்தாக. அவர் பெருவிரல் நகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். மூன்றாவது தடவை உச்சியில் போய் அப்படியே நின்றது, யோசிக்கிற மாதிரி. பிறகு இடது இறக்கை மடிந்ததுபோல் சரிந்து, சுழன்றபடி ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இறங்கியது. எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே மண்ணுக்குள் போனது. மூன்று மாத வேலை. பத்து வினாடிகூட இருக்காது.

சாப் ரேடியோவை என்னிடம் கொடுத்தார். ஓடுபாதையின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து உடைந்து கிடந்த இடத்துக்குக் காலடி எண்ணி நடந்தார். வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. எஞ்சின் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைந்திருந்தது. அதன் பக்கத்தில் நின்றார்.

"முப்பத்திரெண்டு" என்றார். பிறகு, "ரெண்டாவது வரிசை."

இரண்டாவது வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு முகம் முகமாக ஞாபகம் இருந்தது. பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை பாட்டியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

சாப் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் பேண்ட் என்றுகூடப் பார்க்கவில்லை. "நேத்து நீங்க போகலைன்னா நான் ஓட்டியிருப்பேன் எஸ்தர்ம்மா."

"தெரியும் சாப்."

"என்னைத் திட்டுங்க."

"எந்த வரின்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு மனமில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்க வேண்டும். அது திரும்பி வர எனக்கு வருடக்கணக்கானது. முழுதாக வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த வாரமே அவர் ஒன்று செய்தார். புது அட்டைகள் அச்சடித்தார். அதில் அவர் கையெழுத்துக்கு மேலேயும் என் கையெழுத்துக்குக் கடைசியிலும் இடம் இருந்தது. "முதல்ல நான் போடுவேன். நான் போட்டதுக்கு அப்புறமும் நீங்க நக்கோன்னா நக்கோதான்" என்றார். நான் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அப்படித்தான் நடந்தது. பதினேழு விமானங்களுக்கு நான் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். ஒருமுறைகூட ஏன் என்று அவர் கேட்டதில்லை. அந்தக் கம்பெனியில் தொடங்கவிருந்த கிளப் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். யோகா கிளப் தொடங்கினார்கள்.

விமானம் உடைந்த விஷயத்தை சாப் கிரிதர் சாரிடம் ஃபோனில் சொன்னார். வேறு கட்டித் தருவதாகவும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமான குரல் எனக்கே கேட்டது: "அய்யோ, புதுசெல்லாம் வேண்டாம் சாப்! அதையே ஒட்டிக் குடுங்க. ரிசப்ஷன்ல தொங்கவிடப்போறோம். பறக்க வேண்டாம், பாக்கற மாதிரி இருந்தா போதும்."

ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. எஞ்சினைச் செருக மூக்கில் பெயருக்கு ஓர் ஓட்டை. இடது இறக்கையின் விலா எலும்புகள் பாதி கிடைக்கவில்லை. செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மேலே தாளைப் போட்டுத் தேய்த்தேன். நுனி இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது, அப்படியே விட்டேன். வால் மடலுக்கு நாலு கீலில் இரண்டுதான். தொங்கவிடும் கொக்கிகளை மட்டும் ஒவ்வொன்றாக என் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன், ஏனென்றால் அதற்குக் கீழே ஆட்கள் நடப்பார்கள்.

அதற்கு அட்டை கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஓய்வு பெற்ற வருடம், மகளுக்கு அதே கட்டடத்தில் ஒரு இன்டர்வியூ. கூடப் போயிருந்தேன். வரவேற்பறையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் பித்தளைத் தகட்டில், கட்டியவர் கிரிதர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். வந்து போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோணல் நுனியை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் அதன் கீழே உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். வண்ணத் தாள் சுருங்கித் தொங்கியது, வால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வால் மடல் இரண்டு கீலில் ஏதோ ஒப்புக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

தகட்டில் இருந்த பெயர் சரியாகத்தான் இருந்தது. அப்படி ஒரு வேலைக்கு நான் என் பெயரைப் போட்டிருக்கமாட்டேன்.